கால் மாத்திரை

திருப்பதி
14 ஜூன் 1999

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அலர்மேல்மங்கை. திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் புத்தூர் பக்கம். இங்கே டாக்டர் முதல் அச்சடித்த பாரம் வரை எல்லாம் தெலுங்கு. அதனால் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுவதும் மருந்துக் கவரில் தமிழில் எழுதித் தருவதும் என் தலையில் விழுந்திருக்கிறது.

உங்கள் மனைவி செங்கம்மா போன வாரம் கங்காதர நெல்லூரிலிருந்து உங்கள் மகன் சுனிலை அழைத்து வந்தார். அவனுக்கு இருப்பது தசைச் சிதைவு நோய். தரையிலிருந்து எழுந்திருக்க அவன் தன் தொடையையே பிடித்துப் பிடித்து மேலே ஏறுவதை, குவைத் போவதற்கு முன்பே நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த நோய் கை காலோடு நிற்பதில்லை. இதயமும் தசைதான், அதையும் மெல்ல மெல்லத் தொடும். பெரியவர்களுக்குக் கொடுக்கிற இதய மாத்திரை ஒன்றை இந்தக் குழந்தைகளுக்கு எந்த அளவில் கொடுக்கலாம் என்று டாக்டர் சுமித்ரா ஓர் ஆய்வு நடத்துகிறார். மொத்தம் இருபத்திரண்டு குழந்தைகள். கொஞ்சமாகத் தொடங்கி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே ஏற்றுவோம். எந்த அளவைத் தாங்கவில்லையோ அங்கே நிறுத்துவோம்.

செங்கம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். தகப்பனார் கையெழுத்தும் வேண்டும். பாரத்தைத் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். சம்மதம் இருந்தால் மட்டும் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அலர்மேல்மங்கை


குவைத்
1 ஜூலை 1999

சிஸ்டர் அவர்களுக்கு,

எத்திராஜ் எழுதுவது. கடிதம் வந்தது. இந்த ஊரில் எனக்கு வருகிற காகிதமெல்லாம் அரபியில் இருக்கும். தமிழில், அதுவும் முத்து முத்தான எழுத்தில் ஒன்று வந்ததும் எங்கள் ரூமில் நாலு பேர் வாங்கிப் படித்துவிட்டார்கள்.

நான் ஒரு ரொட்டி பேக்கரியில் மாவு நிறுக்கிற வேலை செய்கிறேன். மாவு, உப்பு, ஈஸ்ட் எல்லாம் கிராம் கணக்கு. உப்பு ஒரு பிடி கூடினால் அன்றைக்கு ரொட்டி எழும்பாது. ஆகையால் அளவு பார்த்துக் கொடுக்கிறோம் என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இதயமும் தசை, காலும் தசை என்கிறீர்கள். அப்படியென்றால் இதயத்துக்கு ஆகிற மருந்து காலுக்கும் ஆகும்தானே? நான் வண்டி ஏறியபோது அவன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தான். இரண்டு இடத்தில் விழுந்தான், அவனே எழுந்தான். ரூமில் இருக்கிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும். பதில் எழுதவும்.

எத்திராஜ்


திருப்பதி
26 ஜூலை 1999

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

பாரம் கிடைத்தது. நன்றி. சுனிலுக்கு ஜூலை 19 அன்று தொடங்கிவிட்டோம். இப்போதைக்குக் கால் மாத்திரை கொடுக்கிறோம். மருந்துக் கடையில் வாங்குகிற மாதிரி வில்லையாக இல்லாமல், இங்கேயே பொடித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறோம். தினமும் காலையில் ஒரு பொட்டலம், தேனில் குழைத்து. ஆறு வாரத்துக்கு நாற்பத்திரண்டு. மழை, பஸ் ஸ்ட்ரைக் என்று வரமுடியாமல் போனால் இருக்கட்டும் என்று கூடுதலாகப் பத்து. மீதியை அடுத்த தடவை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று செங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எடை இருபத்து நான்கு கிலோ. அவனைத் தனியாக நிறுத்தினால் ஆடுகிறான், எடை இயந்திரத்தின் முள்ளும் கூடவே ஆடுகிறது. ஆகவே செங்கம்மாவிடம் அவனைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லி, பிறகு அவரை மட்டும் நிறுத்தி, கழித்துக்கொள்கிறோம்.

உங்கள் கேள்வியை டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போய்வர அவனுக்கு ஒரு சக்கர நாற்காலி வாங்கித் தர முடியும். சித்தூரில் அடுத்த மாதம் முகாம் இருக்கிறது. உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கவும்.

அலர்மேல்மங்கை


குவைத்
11 ஆகஸ்ட் 1999

சிஸ்டர் அவர்களுக்கு,

கால் மாத்திரை என்று நீங்கள் எழுதிய வரியைப் பத்துத் தடவை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி டாக்டரம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இங்கே லீவு. ஊரில் இருக்கும் துலுக்காணத்தின் டெலிபோன் பூத்துக்குப் போன் செய்து, செங்கம்மாவையும் பையனையும் வரச் சொல்லிப் பேசுவேன். கவரிலும் கால் மாத்திரை என்றே எழுதியிருக்கிறது, நானே கூட்டிப் படித்தேன் என்று செங்கம்மா சொன்னாள். அவள் நாலாவது வரைக்கும்தான் படித்தாள், அதிலேயே பெருமை. பையனிடம், "காலு எப்டிக்கீதுடா?" என்றேன். "நல்லாக்கீது நைனா," என்றான். போன மாதம் வரைக்கும் இதே கேள்விக்குப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவன்.

நாற்காலி வேண்டாம். கால் மாத்திரை துன்னுகிற பிள்ளைக்கு நாற்காலி எதற்கு? உட்காரப் பழகிவிட்டால் எழுந்திருக்கத் தோன்றாது. வேறு யாருக்காவது கொடுங்கள்.

எத்திராஜ்


திருப்பதி
6 செப்டம்பர் 1999

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துப் பதற வேண்டாம். சுனில் இப்போது நன்றாக இருக்கிறான்.

ஆகஸ்ட் 30 அன்று அவனுக்கு அரை மாத்திரையாக ஏற்றினோம். எல்லாருக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதுதான் முறை. செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் இறை வணக்கத்தின்போது மயங்கி விழுந்துவிட்டான். வாத்தியார் ஒருவர் ஆட்டோவில் சித்தூருக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் மிகவும் குறைந்திருந்தது. சலைன் ஏற்றி, மருந்தை நிறுத்தி, இரண்டு நாள் வைத்திருந்தோம். நேற்று வீட்டுக்குப் போய்விட்டான். நெற்றியில் மட்டும் இரண்டு தையல்.

அவன் உடம்பு அரை மாத்திரையைத் தாங்கவில்லை என்று டாக்டர் சுமித்ரா எழுதியிருக்கிறார். ஆகவே கால் மாத்திரையே அவனுக்கு எல்லை. அவன் எடையில் இருக்கிற மற்ற ஏழு குழந்தைகளையும் அரைக்கு மேலே ஏற்றலாமா, கீழேயே நிறுத்தலாமா என்று வருகிற மாதம் முடிவு செய்வார்கள். சுனிலுக்கு நடந்ததை வைத்துத்தான் அந்த முடிவு இருக்கும்.

நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கால் மாத்திரையை வைத்து அப்படி முடிவு செய்ய வேண்டாம். அது தொடக்கம்தான். இன்னொரு முறை யோசியுங்கள்.

அலர்மேல்மங்கை


குவைத்
20 செப்டம்பர் 1999

சிஸ்டர்,

பதறவேண்டாம் என்று எழுதிவிட்டால் பதறாமல் இருக்க முடியுமா? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூத்துக்கு நாலு தடவை போன் செய்தேன். "அவுங்க யாரும் ஊர்ல இல்ல"ன்னு துலுக்காணம் சொன்னான், ஏன் என்று சொல்லவில்லை. மறுவாரம்தான் தெரிந்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. காலுக்கு ஒரு மருந்து, அரைக்கு ஒரு மருந்து என்று இரண்டு கொடுத்தீர்கள். அவனுக்கு இடுப்பிலும் பலம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், ஆகவே அரைக்கும் கொடுத்தது நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டோம். இரண்டையும் ஒரே தேனில் குழைத்துத்தான் செங்கம்மா கொடுத்தாள். இரண்டும் சேரக்கூடாது என்றால் நீங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தது அரை மாத்திரை என்று நீங்கள் சொன்னதை ஆகஸ்டிலேயே செங்கம்மா போனில் சொன்னாள். மீதி பத்துப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்காதே, தீர்ந்துவிட்டது என்று சொல் என்றவன் நான்தான். காலுக்குக் கொடுத்ததை நிறுத்திவிட்டு அரைக்கு மாற்றுகிறார்கள், கால் மறுபடி கெட்டுப்போகப் போகிறது என்ற பயம். அவளைத் திட்ட வேண்டாம். அவள் சொன்னதைச் செய்தாள்.

இப்போது அரையை நிறுத்திவிட்டுக் கால் மாத்திரையை மட்டும் கொடுக்கப் போகிறீர்கள் என்கிறீர்கள். அதுவாவது நடக்கட்டும். நடக்க வேண்டியது கால்தானே.

எத்திராஜ்


திருப்பதி
4 அக்டோபர் 1999

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது.

காலுக்கு என்று நாங்கள் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. இருப்பது ஒரே மாத்திரை, அது இதயத்துக்கு. அதை நாலாகப் பங்கிட்டு ஒரு பங்கு கொடுத்தால் கால் மாத்திரை. கால் கிலோ என்கிறோமே, அந்தக் கால். இரண்டு பங்கு கொடுத்தால் அரை மாத்திரை. அந்த அரை இடுப்பு இல்லை, பாதி. கவரில் எழுதியது நான். முழு மாத்திரையைக் கண்ணால் பார்த்திருந்தால் உடைத்ததில் பாதி, கால் என்று தெரிந்திருக்கும். பொடித்த பொட்டலத்தைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? தெலுங்குக் குடும்பங்களின் கவரில், கால் பங்குக்குத் தெலுங்கில் சொல்கிற பாவு என்று எழுதியிருந்தது. அதைப் படித்து யாரும் காலைத் தடவிப் பார்க்கவில்லை.

தினமும் அரை மாத்திரையோடு கால் மாத்திரையும் சேர்ந்து முக்கால் மாத்திரை போயிருக்கிறது. சுனில் விழுந்தது அதனால். இதை டாக்டரிடம் சொன்னேன். எழுத்திலும் கொடுத்துவிட்டேன். அரை அவனுக்கு ஆகாது என்ற முடிவை அடித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் ஏழு குழந்தைகளுக்குத் தேவையானதைவிடக் குறைத்துக் கொடுத்திருப்போம். கங்காதர நெல்லூரிலிருந்து திருப்பதிக்கு வர வேண்டிய செய்தி குவைத்துக்குப் போய் வந்திருக்கிறது. மீதி இல்லை என்று செங்கம்மா சொன்னதும், கவரைக் காட்டுங்கள் என்று கேட்காமல் இல்லை என்று எழுதிக்கொண்டவளும் நான்தான்.

மற்ற நாலு தமிழ்த் தாய்மார்களையும் வரவழைத்து, இது எதற்குக் கொடுக்கிற மருந்து என்று கேட்டேன். மூன்று பேர் காலுக்கு என்றார்கள்.

இனி எழுதப் போவதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இதயத்துக்கு ஆகிற மருந்து காலுக்கும் ஆகுமா என்று ஜூலையில் கேட்டீர்கள். ஆகாது. அந்தப் பதில் அன்றைக்கே எனக்குத் தெரியும், டாக்டரைக் கேட்கத் தேவையே இல்லை. ஒரு தகப்பனுக்குக் காகிதத்தில் அதை எழுதக் கை வராமல் தள்ளிப் போட்டேன். பதில் கிடைத்துவிட்டது என்று நீங்கள் எழுதியபோது, என்ன பதில் கிடைத்தது என்று கேட்காமல், வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். சுனிலின் நடை திரும்பாது. அதற்கு இன்றைக்கு மருந்து இல்லை. இப்போது அவன் பிடித்துக்கொண்டும் நிற்பதில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன்.

அலர்மேல்மங்கை


குவைத்
19 அக்டோபர் 1999

சிஸ்டர்,

நாள் முழுக்க நிறுக்கிறவன் நான். இங்கே கால் பங்கை அரபியில் ருபு என்போம். தமிழில் கேட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இல்லை. கால் என்று பார்த்ததும் எனக்கு என்ன வேண்டுமோ அதைப் படித்தேன்.

ஆனாலும் நீங்கள் ஜூலையில் சொல்லியிருந்தால் நான் கையெழுத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன். கால் வராது என்று தெரிந்திருந்தால், நம் பிள்ளையை வைத்து எதற்கு அளவு பார்க்க வேண்டும்? இப்போது கேட்கிறேன். அவன் பெயரை அடித்துவிடுங்கள்.

எத்திராஜ்


திருப்பதி
2 நவம்பர் 1999

திரு. எத்திராஜ் அவர்களுக்கு,

அக்டோபர் 29 அன்று உங்கள் கடிதம் வந்தது. அன்றே சுனிலின் பெயரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டோம். அது உங்கள் உரிமை. யாரும் வருத்தப்படவில்லை, காரணமும் கேட்கவில்லை. அவனுக்கு இங்கே பார்க்கிற வைத்தியம் ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடரும். உங்களை மறுபடி சம்மதிக்க வைக்க இதை எழுதவில்லை.

நேற்று செங்கம்மா வந்திருந்தார். எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னேன், இந்த முறை முழு மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து, உடைத்துக் காட்டி. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ நெஞ்சுக்கா குட்த்துக்கினு இருந்தீங்க? நெஞ்சுன்னு எழுதியிருந்தா நெஞ்சுன்னு பட்ச்சிருப்பனே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது கவரில் நெஞ்சு மருந்து என்று எழுதி, அதற்குக் கீழே நாலு கட்டம் போட்டு, எத்தனை பங்கோ அத்தனை கட்டத்தைக் கறுப்பாக்கித் தருகிறேன்.

சுனில் பக்கத்திலேயே இருந்தான். கவரைப் பார்த்துவிட்டு, "இது எனுக்கு மொதல்லியே தெரியும்," என்றான். எப்படி என்றேன்.

"கடைல கால் கிலோ சக்கரன்னு கேட்டா காலையா குட்க்கிறான்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நைனா போன்ல அத்தையேதான் கேப்பாரு. நல்லாக்கீதுன்னா சிரிப்பாரு. அம்மாவும் சிரிக்கும். நான் இன்னாத்துக்கு சொல்லணும்?" என்றான். ரெண்டு பொட்டலம் சேர்த்துக் கொடுத்தபோதும் தெரியுமா என்றேன். "அது தெரியாது. அம்மா குட்த்துது, துன்னேன்," என்றான்.

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒருமுறை எழுதாமல் விட்டதன் பலனைப் பார்த்துவிட்டேன்.

எக்கோ எடுத்தோம். இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, போன ஜூனைவிட அதிகம் இல்லை. இந்த மருந்து அவனுக்கு வேண்டியிருக்கும் என்பது டாக்டரின் கருத்து. எந்த அளவு என்பதுதான் எங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாதது.

அலர்மேல்மங்கை


குவைத்
22 நவம்பர் 1999

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ரூமில் யாருக்கும் கொடுக்கவில்லை. மூன்று நாள் சட்டைப் பையிலேயே இருந்தது, மாவு படிந்துவிட்டது.

மூன்று வருடமாக அந்த ஒரே கேள்வியைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பத்து வயதுப் பையன் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் வாராவாரம்.

போன வெள்ளிக்கிழமை போன் செய்தேன். காலைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் என்ன துன்னே என்று கேட்டேன். களி என்றான். அப்புறம் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவனாகவே தொடங்கினான். வகுப்பில் பின்ன கணக்கு நடக்கிறதாம், அதில் இவன்தான் முதலாம். முக்கால் என்றால் என்ன என்று வாத்தியார் கேட்டதற்கு, "அத்த துன்னா மயக்கம் வரும் சார்," என்றானாம், வகுப்பே சிரித்ததாம். துலுக்காணம் வந்து டைம் ஆகிவிட்டது என்று சொல்லும் வரை பேசினான். இவ்வளவு பேசுகிற பையன் என்று எனக்குத் தெரியாது.

அவன் பெயரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய பாரம் அனுப்ப வேண்டாம், இந்தக் கடிதத்தையே பாரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் புரிந்ததை என் கையால் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். இது நெஞ்சுக்கு மருந்து. காலுக்கு இல்லை. என் மகன் நடக்கப் போவதில்லை. எந்த அளவு தாங்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் கொடுக்கிறீர்கள். அவனை வைத்துத் தெரிகிற அளவு இன்னொரு பிள்ளைக்கு ஆகும். எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்துவீர்கள். இதற்கெல்லாம் சம்மதம். ஆனால் அவனையும் கேளுங்கள். அவன் சரி என்றால்தான் என் கையெழுத்து செல்லும்.

நாற்காலியும் வேண்டும். முகாம் முடிந்துவிட்டது என்றால் அடுத்த முகாமில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஜனவரியில் இரண்டு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஊரில் இருப்பேன். அவனைத் தூக்கினால் செங்கம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம், இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அடுத்த தடவை எடை பார்க்கிறபோது நான் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எத்திராஜ்